உக்ரைன் ஊருக்கு நாங்கள் அடித்த படம்

உக்ரைன் நாட்டில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை, இனிப் போகப் போவதுமில்லை. ஆனால் ரயிலடியில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பினால் சர்க்கரை ஆலை வரும், எந்தப் பக்கம் நடந்தால் இடிந்த கோட்டைச் சுவர் வரும், தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். திருப்பூரில்கூட எனக்குத் தெரியாத தெருக்கள் எத்தனையோ உண்டு. அந்த ஊரில் கிடையாது. அதைக் கோடு கோடாக என் கையால் வரைந்திருக்கிறேன், நாலு கலரில்.

அப்போது எனக்கு ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை இருந்தது. பனியன் துணி வெட்டிய பீஸாக வரும், அதன் நெஞ்சுப் பக்கத்தில் நாங்கள் படம் அடித்துக் கொடுப்போம், பிறகு தைக்கப் போகும். என் கணவர் பல்லடத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டறைக்குள் வந்தால் சாயப் பேஸ்ட் வாசனைக்குத் தலை வலிக்கிறது என்பார். நாளெல்லாம் தறிச் சத்தத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு வராத தலைவலி இங்கே மட்டும் எப்படி வரும் என்று நான் கேட்டதில்லை. அவர் வராதவரை பட்டறை நிம்மதியாக நடந்தது.

எண்பதுகளில் நாங்கள் அடித்ததெல்லாம் எங்கள் ஊர் மொத்தச் சந்தையான காதர்பேட்டைச் சரக்கு. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகிற பனியன்களில் புலி, கழுகு, மோட்டார் சைக்கிள், தென்னை மரம். மரத்துக்கு அடியில் ஏதாவது ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அது சரியா தப்பா என்று வாங்குகிறவரும் கேட்கவில்லை, போட்டுக்கொண்டவரும் கேட்கவில்லை. தொண்ணூறுகளில் வெளிநாட்டுக்காரர்கள் நேராகவே வர ஆரம்பித்தார்கள், அதோடு அந்தச் சுகம் போயிற்று. புலிக்கு மீசை ஒரு பக்கம் கம்மி என்று திருப்பி அனுப்புகிற ஆட்களையெல்லாம் அப்போதுதான் பார்த்தேன்.

அந்த ஊர்க்கார அம்மாவை அழைத்து வந்தவர் காதர்பேட்டையில் மொத்தக் கடை வைத்திருந்த பாய். எங்களுக்குப் பாதி வேலை அவர் கொடுத்ததுதான். ஆட்டோவிலிருந்து அவர் இறங்க, பின்னாலேயே நல்ல உயரமாக, வெயிலில் தக்காளியாகச் சிவந்து போன ஒரு பெண்மணி இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். பாய் வாங்கிக்கொள்ளக் கை நீட்டியும் கொடுக்கவில்லை.

"கண்ணு, இந்தம்மா ரஷ்யாவுல இருந்து வந்திருக்காங்க. அவங்க ஊர்த் திருவிழா நோம்பிக்கு டீ சர்ட் வேணுமாமா," என்றார் பாய்.

"ரஷ்யா இல்லை. உக்ரைன்," என்றார் அந்த அம்மா, இங்கிலீஷில், பட்டென்று.

தமிழில் ஒரு வார்த்தை தெரியாதவர் அந்த ஒன்றை மட்டும் எப்படிப் பிடித்தார் பாருங்கள். எனக்கும் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதனால் அவரை அந்த நிமிஷமே பிடித்துப் போயிற்று.

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்தால் ஒரு முழு ஆளுக்குத் தேறும். மீதியைக் கையாலும் பென்சிலாலும் பேசிக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிற டீச்சர். சோவியத் நாடு பிரிந்த பிறகு சம்பளம் ஒழுங்காக வருவதில்லை என்பதால் துருக்கிக்கும் இந்தியாவுக்கும் போய்ச் சரக்கு வாங்கி விற்கிறார். பையில் இருந்தவை அவர் ஊரின் பழைய தபால் அட்டைப் படங்கள். மேஜைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் கூடிவிட்டார்கள். நான் முறைத்தும் ஒருத்தரும் நகரவில்லை.

பச்சைக் கூரையும் வெங்காயத்தைக் கவிழ்த்தது போன்ற கோபுரமுமாக ஒரு மாதா கோயில். பழைய அரசாங்கம் அதைப் பூட்டி உப்புக் கிடங்காக வைத்திருந்ததாம். இப்போது திறந்து மணி அடிக்கிறார்களாம், ஆனால் சுவரில் நாக்கை வைத்தால் இன்னும் உப்புக் கரிக்கும் என்றார். டீச்சர் நக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எட்டு வயதில் என்றார். அடுத்தது மஞ்சள் பூசிய ரயிலடி. சண்டையில் எரிந்து போய், அதே மாதிரி, அதே மஞ்சளில் திரும்பக் கட்டினார்களாம். கோட்டைச் சுவர் இருந்தது, முழுதாக இல்லை. ஒரு பக்கம் துருக்கிக்காரன் வந்து இடித்தான், மறு பக்கம் போலந்துக்காரன் வந்து இடித்தான், மிச்சத்தை எங்கள் ஊர்க்காரர்களே எடுத்துப்போய்ப் பன்றிக்கொட்டகை கட்டிக்கொண்டார்கள் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சர்க்கரை ஆலை. அதில் கரும்பு அரைப்பதில்லை, கிழங்கு அரைக்கிறார்கள் என்றதும் எங்கள் மாஸ்டர் முன்னுக்கு வந்துவிட்டார்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதைத் தொட்டவர். "நான் கை வெக்காத ஸ்கிரீன் திருப்பூர்ல இல்லீங்க" என்பது அவர் பல்லவி. வேலை சுத்தம், வாய்தான் நீளம். என்னை அம்மிணி என்று கூப்பிடுவார், ஆனால் நான் சொல்வதைக் கேட்க மாட்டார்.

"கெழங்குல சர்க்கரைங்களா? கரும்பு போடற உடுமலப் பக்கம் போயி இதச் சொல்லச் சொல்லுங்க, அடிக்க வந்துருவாங்க," என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். ஆலையின் புகைக்கூண்டின் மேல் ஒரு கொக்குக் கூடு இருக்கிறது, வருஷா வருஷம் அந்தக் கொக்கு ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி வரும், அதையும் படத்தில் போட வேண்டும் என்றார் டீச்சர். சர்க்கரையை நம்பாத மாஸ்டர் கொக்கை உடனே நம்பினார். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கடைசியாக ஒரு படம் எடுத்தார். ஊர் நடுவில் சதுக்கம். பூச்செடிகள், பெஞ்சுகள், நடுவே உயரமான கருங்கல் பீடம், அதன்மேல் கோட்டுப் போட்டுக் கை நீட்டி நிற்கிற பழைய தலைவர் சிலை. சிலையின்மேல் கட்டை விரலை வைத்து அழுத்தி மறைத்தார்.

"இது வேண்டாம். பீடம் மட்டும்."

ஏன் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. நாடு பிரிந்தபோது கிரேன் வைத்து அந்தச் சிலையை இறக்கிவிட்டார்கள். பீடத்தை அசைக்க முடியவில்லை, அப்படியே நிற்கிறது. இப்போது ஊர் ரெண்டுபட்டுக் கிடக்கிறது. பாதிப் பேர் பழைய சிலையை மறுபடி வை என்கிறார்கள். மீதிப் பேர் அங்கே தங்கள் நாட்டுப் பழங்காலத்துக் குதிரை வீரன் சிலை வைக்க வேண்டும் என்கிறார்கள். ஒரே சந்தையில் ரெண்டு பக்கமாகக் கடை போடுகிறார்கள். அண்ணன் தங்கச்சி பேசுவதில்லை. இவருடைய சொந்த அண்ணனே இவர் வீட்டு வாசலை மிதித்து மூன்று வருஷமாகிறது. வருகிற ஊர்த் திருநாளுக்காவது எல்லோரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே சதுக்கத்தில் நிற்க வேண்டும், அதற்காகத்தான் இத்தனை தூரம் வந்தேன் என்றார்.

"சிலை போட்டால் பாதி ஊர் போடாது. குதிரை போட்டால் மீதி ஊர் போடாது. காலியாக இருந்தால்தான் யாரும் சண்டை போட முடியாது. புரிகிறதா?"

எனக்குப் புரிந்தது. மாஸ்டருக்கு என்னைவிட நன்றாகப் புரிந்தது, அதுதான் வினையாகப் போயிற்று.

"நம்மூரு மாதிரித்தானுங்க அம்மிணி," என்றார் அவர். "மொதல் மரியாதை எங்களுக்கா உங்களுக்கான்னு எங்கூர்ல ஏழெட்டு வருசம் தேரே ஓடலீங்க. மாமன் மச்சானெல்லாம் மொகம் பாக்கலீங்க."

படம் வரைய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. தபால் அட்டைகளை ஒட்டி ஒரே ஊராக்கி, நெஞ்சின் குறுக்கே இடமிருந்து வலமாக நிறுத்தினேன். ரயிலடி, ஆலை, கொக்கு, தண்ணீர்த் தொட்டி, மாதா கோயில், கோட்டைச் சுவர், நடுவில் வெறும் பீடம். கலருக்கு ஒரு பிலிம். பிலிமில் கறுப்பு மை இருக்கிற இடம் துணியில் அந்தக் கலராக விழும். மஞ்சள் பிலிமில் ரயிலடியும் சூரியகாந்திப் பூக்களும் மட்டும். டீச்சர் தினமும் காலையில் லாட்ஜிலிருந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்பார். யாராவது பின்னால் நின்றால் எனக்குக் கை ஓடாது. தொட்டிக் கோபுரத்தின் ஜன்னல் அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் என்றார், அழித்தேன். கொக்கின் கால் இவ்வளவு குட்டையில்லை என்றார், நீட்டினேன். இனி ஒரு வார்த்தை பேசினால் கொக்கு பறந்து போய்விடும் என்று பென்சிலை ஓங்கிக் காட்டினேன். அவர் போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார், எனக்கும் சேர்த்து. சாம்பிள் அடித்துக் கொடுத்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "என் ஊர்," என்றார். பாஸாகிவிட்டது.

சாம்பிள் பாஸான பிறகு அந்தப் பிலிம்களை வைத்து மொத்தச் சரக்குக்குப் புது ஸ்கிரீன் போட வேண்டும். பிலிமில் ஊசி முனை அளவு ஓட்டைகள் இருந்தால் கறுப்பு மை தொட்டு அடைப்பது மாஸ்டர் வேலை. அந்த வேலையை அவரிடம் விட்டுவிட்டு நான் பெருமாநல்லூர் போனேன். தைக்கிற யூனிட் அங்கே. எங்கள் சரக்குக்கு ஒரு வரிசை மெஷின், அதாவது ஒரு லைன், கொடுக்கிறேன் என்று சொன்னவர் கொடுக்காமல் இழுத்தடிக்க, நானும் விடாமல் அங்கேயே உட்கார்ந்து சண்டை பிடித்து லைனை வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

பட்டறைக்குள் நுழைந்தபோது நீள மேஜைகள் முழுக்க ஒரே ஊராகப் பரந்து கிடந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. கிட்டப் போய்க் குனிந்தேன். வெறும் பீடம் வெறுமையாக இல்லை. உச்சியில் மஞ்சளாக ஒரு சுடர் எரிந்துகொண்டிருந்தது. அடுத்த பீஸிலும் எரிந்தது. எல்லா மேஜையிலும் எரிந்தது. கொடியில் காயப்போட்டிருந்ததிலும் எரிந்தது. மொத்தச் சரக்கும் அடித்து முடித்திருந்தார்கள்.

"மாஸ்டர், இதென்னங்க?"

"வெளக்குங்க."

"யாரைக் கேட்டு வெச்சீங்க?"

"இத யாரைக் கேக்கோணுமுங்க? கோயிலுக்கு முன்னால இம்மாம் பெரிய வெளக்குத்தூண நட்டு வெச்சுட்டு, வெளக்கு இல்லாம உடலாமுங்களா? பாக்கவே வெறுச்சுனு இருந்துதுங்க. மஞ்சப் பிலிம்ல ஒரு பொட்டு மை வெச்சனுங்க, அவ்வளவுதான்."

எங்கள் பக்கத்துக் கோயில்களுக்கு முன்னால் உயரமாக ஒற்றைக் கருங்கல் தூண் நிற்கும். கார்த்திகைக்கு அதன் உச்சியில்தான் தீபம் ஏற்றுவார்கள். சிலையை எடுத்துவிட்டால் அந்தப் பீடம் அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது, பின்னாலேயே கோயில் வேறு. அந்தக் கோபத்திலும் எனக்கு அது தெரிந்தது. அதனால் கோபம் இரண்டு மடங்கானது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இத்தனை வருஷம் புலிக்கும் கழுகுக்கும் விளக்கு வைக்காத மனுஷனுக்கு இப்போதுதான் பக்தி பொத்துக்கொண்டு வந்ததா என்று கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "புலிக்குத் தூண் இல்லீங்களே," என்றார்.

துணி தனியாகச் சாயம் போட்டு வாங்கியது, திரும்ப வெட்ட மிச்சமில்லை. டீச்சருக்கு இன்னும் சில நாளில் விமானம். சுடரின்மேல் வெள்ளை பேஸ்ட் அடித்து மறைக்கலாம். ஒரு பீஸில் அடித்துப் பார்த்தேன். பீடத்தின் தலையில் அடிபட்டுப் பிளாஸ்திரி ஒட்டியது போல இருந்தது. போனது என் பெயர் மட்டுமில்லை. அந்த அம்மா தன் ஊரை ஒரு நாளாவது ஒன்றாக நிறுத்திப் பார்க்க ஆசைப்பட்டார், அதில் நாங்கள் மண்ணைப் போட்டுவிட்டோம்.

மத்தியானம் பாயும் அவரும் வந்தார்கள். டீச்சர் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு, அதைக் குலுக்கிக் காட்டியபடி உள்ளே வந்தார். ஒரு பீஸை எடுத்தார். வளையல் சத்தம் நின்றது.

அவர் மொழியில் அவர் என்ன திட்டினார் என்று தெரியாது. திட்டுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. "இது யாருடைய விளக்கு?" என்று மட்டும் இங்கிலீஷில் கேட்டார். "பாதிப் பேர் சொல்லுவார்கள், இது பழைய தலைவருக்கு ஏற்றியது என்று. மீதிப் பேர் சொல்லுவார்கள், மாதா கோயில் சாமியாருடைய வேலை என்று. நான் எப்படி இதைக் கொண்டு போவேன்? யாருடைய விளக்கு?"

பாய் மெதுவாக மாஸ்டரிடம் திரும்பி, "ஏனுங்க, யாருதுன்னு கேக்கறாங்க, சொல்லுங்க," என்றார்.

மாஸ்டருக்கு அந்தக் கேள்வியே பிடிபடவில்லை. "வெளக்கு யாருதுன்னா என்னங்க அர்த்தம்?" என்றார். "எங்கூர்ல தேர் நின்னுச்சுன்னு சொன்னனில்லீங்க? தேர் நின்னுச்சு, பூசை நின்னுச்சு, ஒறம்பரை, சொந்தபந்தம் போறது வர்றதுகூட நின்னுச்சுங்க. வெளக்குத்தூணு மட்டும் நிக்கலீங்க. ஒரு வருசம் அந்தக் கட்சிக்காரன் எண்ண ஊத்துவான், ஒரு வருசம் இந்தக் கட்சிக்காரன் ஊத்துவான். ரெண்டு பேருத்துக்கும் வெளிச்சம் தெரிஞ்சுதுங்க. அதுக்கு மட்டும் மொதல் மரியாதை கெடையாதுங்க. அது யாரு பேர்லயும் இல்லீங்க."

நான் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னேன். 'முதல் மரியாதை' என்பதற்கு வார்த்தை தெரியாமல் இரண்டு பேர் ஒரு மாலைக்கு அடித்துக்கொள்வதை நடித்தே காட்டினேன். டீச்சர் பீஸைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யார் வேண்டுமானாலும் ஏற்றலாமா?" என்று கேட்டார்.

"தீப்பெட்டி இருந்தா ஏத்தலாமுங்க," என்றார் மாஸ்டர்.

டீச்சர் பட்டறை வாசலுக்குப் போய் வெயிலில் நின்றார். போய்ப் பேசு என்று பாய் எனக்கு ஜாடை காட்டினார், நான் அசையவில்லை. திரும்பி வந்தவர், நான் வெள்ளை அடித்து மறைத்த அந்த ஒரு பீஸை எடுத்துக் கசக்கிக் கழிவுத் துணிக் கூடையில் போட்டார். "மற்றதைத் தைக்க அனுப்புங்கள்," என்றார். தைரியமாகச் சொன்னாரே தவிர அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அவர் போன பிறகு எனக்கு நிம்மதியே இல்லை. அங்கே சட்டை அப்படியே கட்டுக் கட்டாகக் கிடக்குமோ, அண்ணன்காரன் என்ன சொன்னானோ என்று வெசனமாகவே இருந்தது. மாஸ்டரோடு ஒரு மாசம் சரியாகப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அடுத்த வருஷம், இதே போல ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் டீச்சர் வந்து இறங்கினார். பாய் இல்லை, தனியாகவே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். தண்ணீர்கூடக் கொடுக்காமல் கேட்டேன்.

"போட்டார்களா?"

உட்கார்ந்து சொன்னார். முதலில் ரெண்டு கட்சியும் சண்டைக்குத்தான் வந்தது. அவர் எதிர்பார்த்த அதே கேள்வி: யாருடைய விளக்கு? இந்தியாவில் இந்தச் சட்டையை அடித்தவர் சொன்னார், அது யார் பெயரிலும் இல்லையாம் என்று இவர் எல்லோரிடமும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். சிரித்தார்களாம். வேடிக்கையாக இருக்கிறது என்றே வாங்கினார்களாம். திருநாளன்று சதுக்கத்தில் ரெண்டு கூட்டமும் ஒரே சட்டையில் நின்றது, ஆனால் ஆளுக்கொரு பக்கமாக. அண்ணனும் போட்டிருந்தான், எதிர்ப் பக்கத்தில் நின்றான்.

"பிறகு என் அம்மா வந்தாள்," என்றார்.

அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. வீட்டை விட்டு வெளியே வராதவள். கோட்டுக்கு மேலே அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு மெழுகுவர்த்தியோடு கூட்டத்தின் நடுவே நடந்து வந்திருக்கிறாள். பீடத்தின் படியில் அதை நட்டுக் கொளுத்திவிட்டு, ரெண்டு பெயரைச் சத்தமாகச் சொன்னாளாம். அவளோடு பிறந்த தம்பிகள். அந்தச் சிலைத் தலைவரின் கட்சி ஆண்ட காலத்தில் ஊரில் இருந்த தானியத்தையெல்லாம் வாரிக்கொண்டு போனதில் ஒரு பஞ்சம் வந்தது. அதில் அந்த இரண்டு பிள்ளைகளும் பசியிலேயே போய்விட்டார்கள். பசியால் செத்தார்கள் என்று வெளியே சொல்வது அதற்குப் பிறகு குற்றமாகிவிட்டது. அவள் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைகளிடமும் சொல்லவில்லை.

"நான் சரித்திர டீச்சர்," என்றார். "அந்தப் பஞ்சத்தைப் பற்றி இப்போது வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். ஊரில் நடந்தது எனக்குத் தெரியும். என் வீட்டில் நடந்தது தெரியாது. எனக்கு இரண்டு மாமன்கள் இருந்தார்கள் என்பதையே அன்றைக்குத்தான் கேட்டேன். என் அண்ணனும் அங்கே நின்று அன்றைக்குத்தான் கேட்டான்."

அண்ணன் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டான். பிறகு யார் யாரோ வந்தார்கள். ரெண்டு பக்கத்திலிருந்தும் வந்து மெழுகுவர்த்தி வைத்தார்கள், ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பீடத்தில் இடம் போதவில்லை என்றார்.

மாஸ்டருக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மாஸ்டர் கையிலிருந்த பேஸ்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார். இந்த மனுஷன் இப்போது பெருமை பேசப் போகிறார் என்று நினைத்தேன், பேச அவருக்கு உரிமையும் இருந்தது.

"அந்தப் பசங்க பேரு என்னங்க?" என்றார்.

டீச்சர் சொன்னார். மாஸ்டர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், நாக்கில் வரவில்லை. டீச்சர் இன்னும் மெதுவாகச் சொன்னார். அவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் சொன்னார். இரண்டு பெயரும் சரியாக வரும்வரை விடவில்லை.